மனம் சரியில்லாதபோது எந்தப் பயிற்சி: நடையா, ஜிம்மா, யோகாவா, ஷட்டிலா?

மனநல மருத்துவரிடம் போய்வந்த பலரும் சொல்வது இது. மாத்திரையைப் பற்றி மருத்துவர் துல்லியமாகச் சொல்வார்: காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எத்தனை வாரம். சீட்டைக் கையில் கொடுக்கும்போது கடைசியாக, "அப்புறம், கொஞ்சம் எக்சர்சைஸ் பண்ணுங்க" என்பார். எந்த எக்சர்சைஸ், எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை நாள் என்பதெல்லாம் சீட்டில் இருக்காது. வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு யோசனை. சித்தப்பா யோகாதான் என்பார், கூட வேலை பார்ப்பவர் ஜிம்முக்குக் கூப்பிடுவார், பக்கத்து வீட்டு அக்கா "என்னோட பார்க்குக்கு வா" என்பார். ஏற்கெனவே சோர்ந்து கிடக்கும் மனதுக்கு இத்தனை யோசனையும் சேர்ந்து இன்னொரு சுமை.

அந்த நிலையில் இருப்பவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மனச்சோர்வோ பதற்றமோ லேசாக, அல்லது நடுத்தரமாக இருக்கிறது; உடம்பை அசைக்கச் சொல்லியிருக்கிறார்கள்; எதை எடுப்பது? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வுகளில் எது முதலிடம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உங்களை இப்போது எது அதிகம் வாட்டுகிறது என்று பாருங்கள். எழுந்திருக்கவே பிடிக்காத நாளிலும் எதைத் தொடங்க முடியும் என்று பாருங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் பொருந்தி வருகிற பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வியைத் தீர்த்துவிட வேண்டும். மாத்திரைக்குப் பதிலாகப் பயிற்சி போதுமா? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமெந்தால் குழு 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதில் பெயர் பெற்றது. மனச்சோர்வுள்ள, 50 வயதைத் தாண்டிய 156 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பயிற்சி மட்டும், ஒரு குழுவுக்கு செர்ட்ரலின் மாத்திரை மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மாத்திரை சற்று வேகமாக வேலை செய்தது. பயிற்சி மெதுவாக வந்து சேர்ந்துகொண்டது. பத்தாவது மாதத்தில் மறுபடி பார்த்தபோது, பயிற்சியால் குணமானவர்களிடம் நோய் திரும்பத் தலைதூக்கியது குறைவாக இருந்தது.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் வகுப்புக்கு வர முடிந்தவர்கள். படுக்கையை விட்டு எழ முடியாதவர், சாப்பாடே இறங்காதவர், சாக வேண்டும் என்ற எண்ணம் வருபவர் ஆகியோருக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. அவர்களுக்கு முதலில் சிகிச்சை. பயிற்சி பிறகு வந்து சேரட்டும். தற்கொலை எண்ணம் வந்தால் 14416-க்கு அழையுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண். கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

ஆம்ஸ்டர்டாமில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். மனச்சோர்வோ பதற்றமோ உள்ள 141 பேரில் பெரும்பாலோரிடம், மாத்திரையா ஓட்டமா, நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று விட்டார்கள்; மீதிச் சிலரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். மொத்தத்தில் 96 பேர் ஓட்டத்துக்குப் போனார்கள், 45 பேர் மாத்திரைக்கு. 16 வார முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 44 சதவீதம் பேர் குணமடைந்திருந்தார்கள். உடல் எடை, இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு போன்றவற்றில் ஓடியவர்கள் முன்னே இருந்தார்கள். ஆனால் சொன்னபடி கடைசிவரை செய்தவர்கள் எத்தனை பேர்? மாத்திரைப் பக்கம் 82 சதவீதம், ஓட்டப் பக்கம் 52 சதவீதம். பெரும்பாலும் தாங்களே ஆசைப்பட்டு ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் இருந்த அந்தப் பக்கத்திலேயே ஏறக்குறையப் பாதிப் பேரால் தொடர முடியவில்லை. மனச்சோர்வுக்காரருக்குப் பயிற்சி சொல்லும் யாரும் இந்த 52-ஐ மறக்கக் கூடாது. தொடர முடியாதது சோம்பேறித்தனம் இல்லை. உற்சாகம் வற்றிப்போவது அந்த நோயின் அறிகுறி. அறிகுறியையே கையில் வைத்துக்கொண்டு "மனசு வெச்சா முடியும்" என்று ஒருவரை விரட்டுவது கொடுமை.

சரி, இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நடையைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள், அது முதியவர்களுக்கானது என்று. எனக்கு அது எப்போதும் முதல் தெரிவு, குறிப்பாகச் சோர்வும் ஆர்வமின்மையும் மேலோங்கி இருப்பவருக்கு. 2022-இல் 15 நீண்டகால ஆய்வுகளை, ஒரு லட்சத்து 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். வாரத்துக்கு மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் வேகமாக நடப்பதற்குச் சமமான உழைப்பு இருந்தவர்களுக்கு, அசையாமலே இருந்தவர்களைவிட மனச்சோர்வு வரும் வாய்ப்பு 18 சதவீதம் குறைவு. இரண்டரை மணி நேரமானால் 25 சதவீதம். கணக்கைக் கவனியுங்கள்: முதல் பாதியில்தான் லாபம் அதிகம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. அதைக் கேட்டு மலைத்துப்போய் ஒன்றுமே செய்யாமல் இருப்பவர், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் என்று ஆரம்பித்தாலே போதும்.

வேகம் எவ்வளவு? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவுதான் மிதமான உழைப்பு. இதற்குக் கைக்கடிகாரமும் செயலியும் தேவையில்லை.

2023 நவம்பரில் தமிழக அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் மனச்சோர்வில் இருப்பவர் அந்த 8 கிலோமீட்டரைப் பார்க்க வேண்டாம். தெருமுனைக் கடை வரை போய்த் திரும்புவது முதல் வாரத்துக்குப் போதும். வீட்டில் இருப்பவர்கள் உதவ நினைத்தால், "வாக்கிங் போங்க, வாக்கிங் போங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பதைவிட, "மாமா, பால் வாங்கப் போறேன், பேச்சுத் துணைக்கு வாங்களேன்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பது பலிக்கும். மனம் தயாரான பிறகு உடம்பு கிளம்பும் என்று காத்திருந்தால் மனச்சோர்வில் அது நடக்காது. உடம்பு முதலில் கிளம்ப வேண்டும், மனம் பின்னால் வரும். சிகிச்சை முறைகளில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு: விருப்பம் வரும்வரை காத்திராமல் செயலை முன்கூட்டியே குறித்துவைத்துச் செய்ய வைப்பது.

நடையில் ஒரு குறையும் உண்டு. தனியாக நடக்கும்போது பழைய கசப்பையே மனம் திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருக்கும். கால் நடக்கும், தலைக்குள் அதே சண்டை ஓடும். அப்படிப்பட்டவர் துணையோடு நடப்பது நல்லது. இல்லாவிட்டால் கவனத்தை இழுத்துப் பிடிக்கும் வேறு பயிற்சிக்கு மாறிவிடலாம்.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏற்கெனவே நடந்து பழகியவர், முட்டியும் இதயமும் நன்றாக இருப்பவர் போகலாம். 218 ஆய்வுகளில் 14,170 பேரைச் சேர்த்துப் பார்த்து 2024-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒரு பெரிய அலசலை வெளியிட்டது. அதில் நடையும் மெது ஓட்டமும் யோகாவும் எடைப் பயிற்சியும் மனச்சோர்வைக் கணிசமாகக் குறைத்தன. உழைப்பின் தீவிரம் கூடக்கூடப் பலனும் கூடியது. ஆனால் பாதியில் விட்டுப்போகாமல் பலர் தாக்குப்பிடித்தது யோகாவிலும் எடைப் பயிற்சியிலும்தான். ஓடினால் எண்டார்ஃபின் சுரந்து மகிழ்ச்சி வரும் என்று எல்லாரும் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். இரத்தத்தில் கூடும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழையாது. உடம்பே தயாரிக்கும், கஞ்சாவில் உள்ள பொருளை ஒத்த வேறு சில வேதிப்பொருட்களுக்குத்தான் அதில் பெரிய பங்கு என்ற கருத்து இப்போது வலுத்திருக்கிறது. அதுவும் அந்த ஒரு மணி நேரத்து இதத்துக்கான விளக்கம்தான். வாரக்கணக்கில் வரும் மாற்றத்துக்குத் தூக்கம், மூளை செல்கள் வளர உதவும் பொருட்கள், தன்மேல் வரும் நம்பிக்கை என்று பல கைகள் சேருகின்றன.

பதற்றக்காரரின் கதை வேறு. பேனிக் அட்டாக் வந்தவரைக் கேட்டால் தெரியும். பேருந்தில் உட்கார்ந்திருக்கிறார், திடீரென்று நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, உள்ளங்கை ஈரமாகிறது, மூச்சு போதவில்லை, செத்துவிடுவோம் என்ற நிச்சயம். அவசரப் பிரிவுக்கு ஓடி இசிஜி எடுத்தால் நார்மல். அடுத்த வாரம் மறுபடி. இவருக்கு இதயம் வேகமாக அடிப்பதே பயம். அதனால் மாடிப்படி ஏறுவதைத் தவிர்ப்பார், வெயிலில் நடப்பதைத் தவிர்ப்பார், மெல்ல மெல்ல உடம்பை வேலை வாங்குகிற எல்லாவற்றையும் விட்டுவிடுவார். உழைப்பு குறையக் குறைய, சின்ன அசைவுக்கும் துடிப்பு ஏறும். பயம் இன்னும் கூடும்.

இவருக்கு மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி மருந்து மாதிரி. வேண்டுமென்றே படி ஏறி, நெஞ்சு அடிப்பதை உணர்ந்து, இரண்டு நிமிடத்தில் அது தானாக அடங்குவதைப் பார்க்கும்போது, துடிப்புக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்பதை உடம்பே கற்றுக்கொள்கிறது. ஜெர்மனியில் 1998-இல் வெளியான ஒரு சோதனையில் பேனிக் நோயுள்ள 46 பேருக்குப் பத்து வாரம் ஓட்டம், குளோமிப்ரமின் மாத்திரை, மருந்தில்லாத வெற்று மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். வெற்று மாத்திரையைவிட ஓட்டம் பலன் தந்தது. ஆனால் குளோமிப்ரமின் அதைவிட வேகமாகவும் கூடுதலாகவும் வேலை செய்தது. ஆக, ஓட்டம் மருந்தை வெல்லவில்லை, ஆனால் வெறுங்கையாகவும் இல்லை. தொடங்கும்போது ஒரு மாடிப்படி மட்டும், அடுத்த வாரம் இரண்டு என்று ஏற்றுங்கள். இதயத்தில் கோளாறு இல்லை என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள். உறுதி செய்த பிறகு வாராவாரம் இசிஜி எடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஜிம்முக்கு வருவோம். 2018-இல் 33 சோதனைகளைத் தொகுத்த ஆய்வு, 1,877 பேரிடம் எடைப் பயிற்சி மனச்சோர்வு அறிகுறிகளைக் குறைத்ததைக் காட்டியது. உடம்பு எவ்வளவு பலம் பெற்றது என்பதற்கும் மனம் எவ்வளவு தேறியது என்பதற்கும் தொடர்பு இல்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. அதாவது, தசை வராவிட்டாலும் பலன் வரும். "என்னால எதுவும் ஆகாது" என்ற எண்ணம் ஊறிப்போனவருக்கு ஜிம் ஒரு கண்கூடான கணக்கைத் தருகிறது: போன மாதம் ஐந்து கிலோ டம்பெல், இந்த மாதம் ஏழரை. மனம் எவ்வளவு வாதாடினாலும் அந்த இரும்பின் எண்ணை மறுக்க முடியாது.

ஆனால் நம்மூர் ஜிம்களில் யோசிக்க வேண்டியவை உண்டு. சுற்றிலும் கண்ணாடி, காது கிழியும் பாட்டு, வெறித்துப் பார்க்கும் கண்கள். உடம்பைப் பற்றிக் கூச்சம் உள்ளவருக்கும், கூட்டத்தைக் கண்டு பதறுபவருக்கும் அது தண்டனை. ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாக வாங்கும் சலுகையில் விழாதீர்கள். மனச்சோர்வு மோசமாகி இரண்டு மாதம் போகாவிட்டால் காசு போன குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். மாதக் கட்டணமே கட்டுங்கள். பயிற்சிக்கு முன் குடிக்கச் சொல்லிக் கொடுக்கும் பவுடர்கள் பலவற்றில் காஃபின் அதிகம். பதற்றமும் தூக்கமின்மையும் இருப்பவர் அதைத் தொடவே கூடாது. ஜிம் வேண்டாம் என்றால் வீட்டிலேயே சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது என்று வாரத்துக்கு இரண்டு நாள் தொடங்கலாம்.

யோகாவுக்கு இந்தியாவில் நல்ல ஆராய்ச்சித் தளம் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கு யோகா தருவதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. எப்போதும் எதையாவது நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டே இருப்பவர், இரவில் உடம்பு இறுக்கமாகித் தூக்கம் பிடிக்காதவர் ஆகியோருக்கு நான் யோகாவைச் சொல்வேன். ஆனால் அளவோடு சொல்வேன். அமெரிக்காவில் தீராக் கவலை நோயுள்ள 226 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், யோகா செய்தவர்களில் 54 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். எண்ணங்களைச் சரிசெய்யும் பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 71 சதவீதம். மன அழுத்தம் பற்றி வகுப்பு மட்டும் கேட்டவர்களில் 33 சதவீதம். சும்மா இருப்பதைவிட யோகா மிக நல்லது. நல்ல உளவியல் ஆலோசகர் கிடைத்தால் அவர் அதைவிட நல்லது.

யோகாவில் எல்லாமே சாந்தம் என்று நினைப்பது தவறு. பேனிக் வருபவருக்குக் கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுப் பயிற்சிகள் தலைசுற்றலையும் மரமரப்பையும் கொண்டுவந்து பயத்தைக் கிளப்பிவிடலாம். பழைய கொடுமை ஒன்றை மனதில் சுமப்பவருக்குக் கண்ணை மூடி அசையாமல் கிடப்பதே நெருக்கடியாகலாம். அவர் கண்ணைத் திறந்துகொண்டு ஆசனம் மட்டும் செய்யலாம். இருதுருவ நோய் (அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர் தீவிர மூச்சுப் பயிற்சி எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. "மாத்திரையெல்லாம் விஷம், என்கிட்ட ஆறு மாசம் வாங்க, நிறுத்திடலாம்" என்று சொல்லும் ஆசிரியரிடம் இரண்டாம் நாள் போகாதீர்கள்.

தனிமைதான் நோயின் வேர் என்றால் ஷட்டில், வாலிபால், கிரிக்கெட் எதுவானாலும் ஆட்டத்தில் சேர்ந்துவிடுங்கள். அமெரிக்காவில் 12 லட்சம் பேரிடம் எடுத்த கணக்கில் (2018), பயிற்சி செய்பவர்களுக்கு மனம் சரியில்லாத நாட்கள் மாதத்தில் 43 சதவீதம் குறைவாக இருந்தன. வகைவாரியாகப் பார்த்தால் குழு விளையாட்டு ஆடுபவர்கள் முன்னணியில் இருந்தார்கள். மனம் நன்றாக இருப்பவர்தான் ஆட வருவார் என்பதால் இதை முழு நிரூபணமாகக் கொள்ள முடியாது. ஆனாலும் ஷட்டில் கோர்ட்டுக்கு நடையிடமோ ஜிம்மிடமோ இல்லாத ஒரு பலம் உண்டு: நான்காவது ஆள் வராவிட்டால் இரட்டையர் ஆட்டம் நடக்காது. காலை ஆறு மணிக்கு "அண்ணே, ஒரு ஆள் குறையுது, கெளம்பி வாங்க" என்று போன் வரும். தன்னால் யாருக்கும் உபயோகமில்லை என்று நம்பத் தொடங்கிய ஒருவருக்கு அந்த அழைப்பின் மதிப்பு கொஞ்சமில்லை. பந்து வரும்போது பந்தைத் தவிர வேறெதையும் நினைக்கவும் முடியாது. தோல்வி பொறுக்காதவர், பந்தயம் கட்டி ஆடும் கூட்டம், ஆட்டம் முடிந்ததும் பாட்டில் திறக்கும் கூட்டம் இருந்தால் விலகுங்கள். மனச்சோர்வுக்கும் குடிக்கும் ஆகவே ஆகாது.

இந்தத் தெரிவுகளை எல்லாம் படித்துவிட்டு "எனக்கு இதுல எதுக்குமே நேரமில்லையே" என்று சொல்லும் பெண்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். ஐந்து மணிக்கு எழுந்து சமையல், பிள்ளைகளைக் கிளப்புவது, வேலை, திரும்பவும் சமையல். "வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே" என்று வீட்டிலுள்ளவர்கள் சொல்வார்கள். மேலே சொன்ன அமெரிக்கக் கணக்கில் வீட்டு வேலைக்கும் ஓரளவு நன்மை தெரிந்தது, ஏறக்குறைய 10 சதவீதம். குழு விளையாட்டுக்கு 22. உடம்பு அசைவது மட்டும் காரணமாக இருந்தால் இவ்வளவு இடைவெளி இருந்திருக்குமா என்பது என் கேள்வி. தானே விரும்பி எடுத்துக்கொண்ட நேரம், வெளிக்காற்று, யாரும் கூப்பிடாத அரை மணி, இவையும் பயிற்சியின் பகுதி என்றே நினைக்கிறேன். அதனால் இந்தப் பெண்களைப் பொறுத்தவரை முடிவெடுக்க வேண்டியவர் கணவரோ மாமியாரோ மகனோதான். எந்தப் பயிற்சி என்பது இரண்டாவது. காலை அரை மணி நேரம் அடுப்பை யார் பார்த்துக்கொள்வது என்பது முதலாவது. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் இருக்கும் தாய்க்கு, குழந்தையை இன்னொருவர் வைத்துக்கொள்ள, மருத்துவர் அனுமதித்த பிறகு மாடியிலோ தெருவிலோ இருபது நிமிடம் நடக்க விடுவது, "சந்தோஷமா இரு" என்று நூறு முறை சொல்வதைவிட மேல்.

மாத்திரை எடுப்பவர்களுக்குச் சில குறிப்புகள். இரவு மாத்திரையால் காலையில் மயக்கம் இருந்தால் ஐந்து மணி நடைக்காக உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள். மாலையில் போங்கள், பலன் ஒன்றுதான். லித்தியம் எடுப்பவர் சித்திரை வெயிலில் கடுமையாக வியர்க்கப் பயிற்சி செய்தால் உடம்பில் நீர் குறைந்து இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறலாம். தண்ணீரும் உப்பும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். ப்ரொப்ரனலால் எடுப்பவருக்கு இதயத் துடிப்பு இயல்பைவிடக் குறைவாகவே ஏறும். கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டாமல், பேச முடிகிறதா என்ற அளவையே பின்பற்றுங்கள்.

அளவு மீறினாலும் கெடுதல்தான். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்தவர்களின் மனநிலை, செய்யாதவர்களைவிட மோசமாக இருந்ததையும் அதே 12 லட்சம் பேர் கணக்கு காட்டியது. ஒரு நாள் விட்டுப்போனால் சாப்பாட்டைக் குறைத்துத் தன்னைத் தண்டித்துக்கொள்பவருக்குப் பயிற்சியே நோயின் முகமாகிவிட்டது. அவர் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தேர்ந்தெடுத்ததை ஆறு முதல் எட்டு வாரம் வரை செய்து பாருங்கள். முதல் வாரத்தில் மனம் மாறவில்லை என்று விட்டுவிடாதீர்கள். மனநிலை மாற நாளாகலாம். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் தாளில், செய்த நாளில் ஒரு டிக், இரவு எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று ஒரு எண், அவ்வளவு குறித்தால் போதும். கிழித்த தாள்களை ஒரு கிளிப்பில் போட்டு வைத்து அடுத்த முறை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அவர் "எக்சர்சைஸ் பண்றீங்களா?" என்று கேட்கும்போது, ஆமாம் இல்லை என்று மட்டும் சொல்லாமல், இதைச் செய்தேன், இத்தனை நாள், தூக்கம் இப்படி இருக்கிறது, மாற்றவா தொடரவா என்று கேளுங்கள்.